நாலாம் தொட்டில்

2061 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கருவாலிப்பட்டினம் கடற்பாசி ஆலையின் குழந்தைகள் காப்பறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

சன்னல் ஓரத்து மேசைக்குப் பின்னால் டாக்டர் இளவேனில், மாவட்டத் தாய்சேய் நலக் குழுவின் தலைவர். அவருக்கு வலப்பக்கம், நாற்காலியின் விளிம்பில் மட்டும், ஊட்டச்சத்து அலுவலர் கார்முகிலன். அவர் மடியில் ஒரு பை, பைக்குள் ஓர் உத்தரவு. எதிரே, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்கப் போட்டிருக்கும் குட்டைப் பலகையில் ஜெனோவா. வயது இருபத்து மூன்று, கடலில் இறங்கிப் பாசிக் கயிறு இழுப்பவள். அவளுடைய மூன்று மாதம் நாலு நாள் ஆன பெண் குழந்தை அவள் மடியில் இல்லை, நாலாம் தொட்டிலில் கிடந்தது. விசாரணை முடியும்வரை தாய் குழந்தையைத் தொடக் கூடாது. கதவோரம் தரையில் அவளுடைய மாமியார் ரெஜினாள். நாற்காலி போட்டும் வேண்டாம் என்றுவிட்டார். ஆயா நசீமா அக்கா உட்காரவேயில்லை. ஒன்பது தொட்டில் தொங்கும் இரும்பு உத்தரத்துக்குக் கீழே, ஒன்றை ஆட்டிவிட்டு அது நிற்பதற்குள் அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். பதிவேட்டு அலமாரிக்கு முன்னால், முக்காலியில், நான். பெயர் லோகப்பிரியா. இந்தக் காப்பறையின் பதிவேட்டாளர்.

கார்முகிலனின் பையிலிருந்த உத்தரவு ஆறு மாதத்துக்கானது. ஜெனோவாவின் குழந்தையை மாவட்டச் சேய்க் காப்பகத்துக்குக் கொண்டுபோய் டின் பாலில் வளர்க்க வேண்டும். தாய் வாரம் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். டாக்டர் கையெழுத்துப் போட்டால் மதியமே வண்டி வந்துவிடும்.

குற்றம் இதுதான்: ஜெனோவா மூன்றாம் தரம். மூன்றாம் தரத்துத் தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டாள்.

இந்தத் தரம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தாய்ப்பாலைச் செரிக்கவென்றே பிள்ளைகளின் வயிற்றில் ஒரு கிருமி இருந்ததாம், நல்ல கிருமி. இரண்டு தலைமுறையாக எதற்கெடுத்தாலும் மருந்து மருந்தென்று விழுங்கியதில் அது அழிந்துபோயிற்று. அதற்கப்புறம்தான் புதுச் சவலை வந்தது. பிள்ளை பால் குடிக்கும். குடித்தது உடம்பில் ஒட்டாது. எங்கள் கரையில் மட்டும் ஒரு வருடத்தில் பதினேழு குழிகள் வெட்டினார்கள். பிறகு ஒரு கம்பெனி, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியைச் சொட்டாகக் கொண்டுவந்தது. விதைச் சொட்டு என்று அரசாங்கம் பெயர் வைத்தது. பதினெட்டு வயதில் ஒவ்வொரு பெண்ணும் சொட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சோதிப்பார்கள். சொட்டு வயிற்றில் தங்கியிருந்தால் முதல் தரம். அரைகுறையாகத் தங்கினால் இரண்டாம் தரம். தங்கவேயில்லை என்றால் மூன்றாம் தரம். அதற்கு ஓர் அட்டை.

டாக்டர்களுக்கு அது மருத்துவ அட்டை. ஊருக்கு அது கல்யாண அட்டை. பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் பதினொன்றாவதாக அதைக் கேட்டார்கள். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன் சாமியார் கேட்காவிட்டாலும் சம்பந்தி கேட்டார். ஜெனோவா, அட்டையைக் கேட்காத ஒருவனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்தவள்.

கார்முகிலன் புகாரை வாசித்தார். புகார் கொடுத்தவர் பெயர் வந்ததும் ஜெனோவா திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா அத்தை?"

"நான்தான்," என்றார் ரெஜினாள். "எம் மூத்த மவளோட மொதப் புள்ள சவலையில போனப்ப இந்தக் கையிலதான் கெடந்துச்சு. பூனைக்குட்டி கனம்கூட இல்ல. இன்னொண்ண அப்படிப் பாக்க என்னால முடியாது. நீ என்னை என்ன வேணாலும் நெனச்சுக்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"கேட்டேன். அட்டைய எலி கடிச்சிருச்சுன்ன."

நசீமா அக்கா தொட்டிலுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அட்டை இல்லாம இந்தக் குழந்தையை எப்படிச் சேர்த்தீங்க?"

"அறுபது நாள் அவகாசம் இருக்குங்க மேடம். சேர்ந்தது ஜூன் பதினாலு. இன்னியோட அம்பத்தாறு நாள்."

"பால் எழுதுற பத்தியில என்ன எழுதினீங்க?"

"தாய்ப்பால்னு எழுதினேன். அதுதான குடுத்தாங்க."

கார்முகிலன் பெருமூச்சு விட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குழிகள் வெட்டிய வருடத்தில் அவர் இந்தக் கரையில்தான் வேலை பார்த்தார். அன்றிலிருந்து விதியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"மேடம், குழந்தை நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும்," என்றார் அவர். "மூணாம் தரத்துப் பாலுல நாலு மாசம் முடியறப்பத்தான் எடை இறங்கும். அதுக்குள்ள எடுத்துரணும்."

"புள்ள நாலு கிலோவுல வந்துச்சு, இப்ப ஆறேகால் கிலோ," என்றாள் ஜெனோவா. "எறங்குற புள்ளையா சார் இது?"

"எல்லாத் தாயும் இதைத்தாம்மா சொல்வாங்க."

அப்போது ரெஜினாள் ஒன்று சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இவ ஓரகத்தி டெல்பினா இருக்கா. மொதத் தரம். அவ ரெண்டாவது புள்ளையப் பாருங்க, ஏழாந் தொட்டில்ல கெடக்கான். கன்னம் ரெண்டும் தட்டுல வெச்ச பன்னு மாதிரி. அதான்யா மொதத் தரத்துப் பாலு."

என் மடியில் ஒரு தாள் இருந்தது. முந்தின நாள் பிற்பகல், விசாரணைக்காக எடைக்கணக்கைச் சுத்தமாகப் பிரதி எடுத்தபோது எழுதியது. யாரும் என்னிடம் கேட்காத தாள். வெளியே எடுத்தால் என் வேலை போகும். அதோடு விடுமா என்றும் தெரியாது. எடுக்காவிட்டால் நாலாம் தொட்டில் மதியத்துக்குள் காலியாகும்.

நான் எழுந்து நின்றேன்.

"மேடம், ஒரு திருத்தம். டெல்பினா பையன் ஆரோன் ஜூலை பதினொண்ணாம் தேதி வரைக்கும் மூணு வாரமா எடையே ஏறல. அஞ்சு கிலோ இருநூறுலயே நின்னான். கழிச்சலும் இருந்துச்சு. டெல்பினா வீட்டுல சொல்ல வேணாம்னு அழுதாங்க."

ரெஜினாள் ஏழாம் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"பன்னெண்டாம் தேதியிலருந்து ஏற ஆரம்பிச்சான். இன்னிக்குக் காலையில ஆறு கிலோ நூத்தம்பது."

"பன்னெண்டாம் தேதி என்ன நடந்துச்சு?" என்றார் டாக்டர்.

"அன்னிக்குத்தான் அவனை முதல் தடவை நாலாம் தொட்டில்ல போட்டோம்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "தொட்டில்ல என்னம்மா இருக்கு?"

அதை விளக்கினால்தான் என் தவறு விளங்கும். எங்கள் ஆலைக்குக் கடிகாரம் கிடையாது, கடல்தான். நீர் வற்றும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். பெண்கள் கயிற்றுக்குப் போகும் நேரமும் அதோடு தள்ளும். பதினாலு பிள்ளைகள், ஒன்பது தொட்டில். முதல் அணி கடலுக்குள் போகும்போது அவர்கள் பிள்ளைகள் தொட்டிலில். அவர்கள் கரையேறித் தூக்கிக்கொண்டதும் அடுத்த அணியின் பிள்ளைகள் அதே தொட்டில்களில். அணியும் வாரா வாரம் மாறும். பாலைப் பீய்ச்சிப் புட்டியில் வைத்துவிட்டுப் போவார்கள், நாங்கள் பனிப்பெட்டியில் வைப்போம். புட்டியில் தாயின் எண் எழுத வேண்டும் என்பது விதி. உப்புத் தண்ணீர்க் கையால் தொட்டுத் தொட்டு மை அழிந்துபோகும். அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். ஒன்பது தொட்டிலுக்கும் ஒன்பது நிறச் சேலை. அதே நிறத்தில் புட்டிக் கழுத்துக்கு ஒரு ரப்பர் வளையம். பச்சைத் தொட்டிலுக்குப் பச்சை வளையம். ஆலையின் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டி எழுதிக்கூட வைத்தார்.

"தொட்டில்ல ஆள் மாறும். புட்டி மாறாது," என்றேன். "அதை நான் யோசிக்கல மேடம். ஜெனோவா எப்பவும் கதவோரத் தொட்டில்லதான் போடுவா, நாலாவது. அவளுக்குப் பாலும் அதிகம், பாதி மிஞ்சும். அவ கரையேறிப் புள்ளையத் தூக்கிட்டுப் போன பிறகு அந்தத் தொட்டில்ல யார் வந்தாலும் பச்சை வளையம் போட்ட பாலைத்தான் குடிச்சாங்க. ஆரோனோட சேத்து ஆறு புள்ளைங்க."

நசீமா அக்கா ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "யா அல்லா. குடுத்தது இந்தக் கைதானே."

"வளையத்தைப் பாத்துத்தானக்கா குடுத்தீங்க. வளையம் போட்டது நான்."

கார்முகிலன் எழுந்தேவிட்டார். "மூணாம் தரத்துப் பாலை முதல் தரத்துக் குழந்தைங்களுக்கா? ஆறு பேருக்கா? இது என்ன குற்றம்னு தெரியுமாம்மா உங்களுக்கு?"

"தெரியும் சார். பிரிவு எண்ணும் தெரியும்."

"நோய் இருந்திருந்தா?" டாக்டரின் குரல் கடுமையாக இருந்தது. "ஒருத்தர் ரத்தத்துல ஏதாவது இருந்திருந்தா ஆறு குழந்தைக்கும் போயிருக்கும். யோசிச்சீங்களா?"

"கடல்ல இறங்குற பொண்ணுங்களுக்கு வாரா வாரம் ரத்தம் பாக்குறாங்க மேடம். அந்தப் பதிவும் இருக்கு, ஒண்ணும் இல்ல. ஆனா அதைப் பாத்துட்டு நான் குடுக்கல. அது உண்மை. என் தப்புக்கு அது சமாதானம் ஆகாது."

அவர் கை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். மேலே பதினாலு பிள்ளைகளின் பெயர். குறுக்கே ஐம்பத்தாறு நாள். யார் எந்தத் தேதியில் எந்தத் தொட்டிலில், எந்த வளையம், எத்தனை மில்லி, மறுநாள் எடை எவ்வளவு. பச்சை வளையம் குடித்த நாளிலெல்லாம் பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த இடத்திலிருந்து எடைக்கோடு மேலே கிளம்பியது. ஆறு பேருக்கும் அப்படி. புள்ளி விழாத ஏழு பேரில் நாலு பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த நாலில் மூன்று தாய்மார்கள் முதல் தரம்.

டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை விரல் வைத்துப் பார்த்தார்.

"தப்புத்தான் பண்ணியிருக்கீங்க," என்றார். "ஆனா ஒரு நாள் விடாம, ஒழுங்காப் பண்ணியிருக்கீங்க. இப்படி ஒரு கணக்குக்காக நாங்க பத்து வருஷமா மனு போட்டுக்கிட்டிருக்கோம்." பிறகு பக்கத்தில் திரும்பினார். "வாசிப்பானை எடுங்க, கார்முகிலன்."

வாசிப்பான் என்பது டிபன்பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி. மலத்தையோ பாலையோ ஒரு துளி வைத்தால் அதிலுள்ள கிருமிகளைப் படித்துச் சொல்லும்.

"வெச்சாச்சு மேடம், போன வாரமே வெச்சாச்சு. ஜெனோவா மாதிரியில சொட்டு இல்லைன்னு வந்துருச்சு."

"சொட்டு இல்லைன்னு மட்டும்தான் அது சொல்லும். கம்பெனிக் கிருமியோட அடையாளத்தை மட்டும் தேடச் சொல்லி வெச்சிருக்கோம். எல்லாத்தையும் படிக்கச் சொல்லுங்க."

"முழு வாசிப்புக்கு அனுமதி வேணும் மேடம்."

"யார்கிட்ட?"

"குழுத் தலைவர்கிட்ட..." என்று சொல்லிவிட்டுக் கார்முகிலன் நிறுத்திக்கொண்டார்.

"குடுத்துட்டேன்," என்றார் டாக்டர்.

மாதிரிக்கு நசீமா அக்கா போனார். ஏழாம் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "நல்ல நேரம்தான் பாத்துக் கேட்டீங்க. மவராசன் இப்பத்தான் சுடச்சுடப் போட்டிருக்கான். எவ்வளவு வேணும்? ஊருக்கே குடுக்கலாம்." நாலாம் தொட்டிலிலும் எடுத்தார். ஜெனோவா தடுப்புக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் பால் பீய்ச்சிக் கொடுத்தாள். மூன்றையும் வைத்து மூடினார்கள். நாற்பது நிமிடம் ஆகும் என்று திரையில் வந்தது.

நாலாம் தொட்டிலுக்குப் பசி வந்துவிட்டது. முதலில் முனகல், பிறகு அழுகை, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கத்தல். ஜெனோவா பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். அவள் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவியது.

"டின் பால் கொண்டுவந்திருக்கேன்," என்றார் கார்முகிலன். புட்டியை நசீமா அக்கா வாயில் வைத்துப் பார்த்தார். குழந்தை நாக்கால் தள்ளிவிட்டது. இன்னொரு முறை வைத்தார். துப்பியது.

"சார், ஒரு வாய் குடுத்துட்டு உக்காந்துக்குறேன் சார்."

"விசாரணை முடியலம்மா. தாய் தொடக் கூடாது. நானா எழுதினேன்? விதி."

தரையிலிருந்து ரெஜினாள் எழுந்தார். முழங்கால் நெட்டி முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. நேராக நாலாம் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையை வாரி எடுத்தார்.

"அம்மா, நீங்கதான் புகார்தாரர்..."

"புகார் குடுத்தவ புள்ளையத் தூக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

கார்முகிலன் யோசித்தார். "இல்ல."

"இருக்காதுல்ல." குழந்தையைக் கொண்டுபோய் ஜெனோவாவின் மடியில் கிடத்தினார். "எழுதிக்கங்க. தாய் புள்ளையத் தொடல. புள்ளதான் தாயத் தொட்டுச்சு."

ஜெனோவா மாமியார் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கத்தல் சட்டென்று அடங்கியது. கார்முகிலன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வாசிப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குப் பெண்கள் கரையேறினார்கள். நனைந்த பாவாடையும் தோளில் பாசிச் சாக்குமாக வந்தார்கள்; விஷயம் எப்படியோ அதற்கு முன்னாலேயே அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் முதலில் நின்றவள் டெல்பினா.

"லோகாக்கா, நெசமா? எம் புள்ளைக்கு இவ பாலையா குடுத்தீங்க?"

"ஆமா. பதினாறு தடவை."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எனக்கே நேத்துத்தான் தெரியும். தெரிஞ்சதும் சொல்லியிருக்கணும். ராத்திரி முழுக்கத் தைரியம் வரல."

அவள் சாக்கைக் கீழே போட்டாள். பின்னால் நின்றவர்களும் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். தன்னிடம் சொல்லாமல் இன்னொருத்தி பாலைத் தன் பிள்ளைக்குக் கொடுத்ததற்கு ஒரு தாய் கோபப்படுவது நியாயம். நின்று வாங்கிக்கொண்டேன். ஒருத்தி "மூணாந் தரத்தை" என்று ஆரம்பித்து அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

"நிறுத்துங்கடி," என்றார் ரெஜினாள். "டெல்பினா, உம் புள்ள மூணு வாரம் எடை நின்னது எனக்கு எதுக்குடி சொல்லல?"

டெல்பினா தலையைக் குனிந்துகொண்டாள். "மொதத் தரம் மொதத் தரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது?"

அந்த நேரத்தில்தான் வாசிப்பான் ஒலித்தது.

டாக்டர் திரையில் ஓடியதை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். சன்னல் வெளிச்சத்தில் அவருடைய உதடு அசைவது தெரிந்தது. அறையில் பதினைந்து பெண்களும் ஒன்பது குழந்தைகளும் இருந்தோம். பால் குடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"ஜெனோவா, உனக்குச் சொட்டு எப்பக் குடுத்தாங்க?"

"பதினெட்டுல ஒருக்கா. நிக்கலைன்னு மறுபடி ஒருக்கா. அப்புறமும் நிக்கல. எனக்கு வயிறே சரியில்லன்னுட்டாங்க."

"ஏன் நிக்கலைன்னு யாராவது கேட்டாங்களா?"

"யார்கிட்டக் கேக்குறது? எங்கிட்டத்தான் எல்லாரும் கேட்டாங்க."

டாக்டர் கருவியை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். "இந்தக் கிருமி அழிஞ்சுபோச்சுன்னு நாப்பது வருஷமா எழுதி வெச்சிருக்கோம். பழசு. ஆய்வுக்கூடத்துல பண்ணினது இல்ல. இவ பாலுல இருக்கு. இவ குழந்தை வயித்துல நிறைஞ்சு இருக்கு. ஆரோன் வயித்துலயும் இதேதான். அவன் அம்மா வழியா வந்திருக்க வேண்டிய சொட்டைத் தேடினேன், ஒண்ணுகூட இல்ல."

"புரியற மாதிரிச் சொல்லுங்க மேடம்," என்றாள் டெல்பினா.

நசீமா அக்கா முந்திக்கொண்டார். "இதுல என்னடி புரியல? திருவாடானை பஸ்ஸுல எல்லாச் சீட்டுலயும் ஆளு உக்காந்திருக்கு. நடுவுல ஏறுனவன் நின்னு பாத்துட்டு எறங்கிப் போயிட்டான். இவங்க எறங்குனவன எண்ணிப் பாத்துட்டு பஸ்ஸு காலின்னு எழுதிட்டாங்க."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அவ்வளவுதான். எனக்குக்கூட இவ்வளவு சுருக்கமாச் சொல்ல வந்திருக்காது."

"அப்ப நான்..." என்றாள் ஜெனோவா.

"நீ காலி இல்லம்மா. இந்த மாவட்டத்துல நிறைஞ்ச வயிறு இன்னிக்கு உன்னோடது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். உன்ன மாதிரி மூணாம் தரம்னு ஒதுக்கினவங்க மாநிலத்துல நாலு லட்சம் பேர். அதுல எத்தனை பேருக்கு இருக்குன்னு இனிமேதான் பாக்கணும்."

கார்முகிலன் பையைத் திறந்து உத்தரவை வெளியே எடுத்தார். அதையும், பால் குடிக்கும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணாம் தரம்னு நான் இதுவரைக்கும் இருபத்தாறு குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போயிருக்கேன் மேடம்," என்றார். உத்தரவை நான்காகக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டார். "அந்த இருபத்தாறு குழந்தைங்க தாய்மாருக்கு முழு வாசிப்பு நாளைக்கே ஆரம்பிக்கலாமா? வீடெல்லாம் எனக்குத் தெரியும்."

"இன்னிக்கே," என்றார் டாக்டர்.

வாசலில் நின்றவர்களில் யார் முதலில் குலவையிட்டது என்று தெரியவில்லை. அடுத்த நிமிடம் உத்தரம் அதிர்ந்தது; மற்ற எட்டுத் தொட்டிலும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அழ, நசீமா அக்கா, "ஆத்தாமார்களா, சந்தோஷத்தக் கடற்கரையில போய்க் கொண்டாடுங்க" என்று கத்தினார். டெல்பினா நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஜெனோவாவின் பக்கத்தில் பலகையில் போய் உட்கார்ந்தாள். "பதினாறு தடவையா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

"எனக்கென்ன தெரியும்? லோகாக்கா கணக்கு."

"திங்கக்கிழமையிலருந்து ஆரோனுக்கும் நாலாந் தொட்டில்தான். இந்தத் தடவ கேட்டுக் குடு."

இயக்குநருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார் டாக்டர். மற்றதெல்லாம் திரையிலேயே போய்விடும். ஆனால் உடற்பதிவு சம்பந்தப்பட்ட எதுவும் இந்த மாநிலத்தில் தாளில், மூலக் கையெழுத்தோடு, பதிவுத் தபாலில்தான் போக வேண்டும். நான் தாளை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இவளுக்கு இந்தக் கிருமி எப்படித் தப்பி வந்தது என்ற இடத்தில், "தெரியவில்லை என்று எழுதுங்க" என்றார்.

"அரசாங்கக் கடிதத்துல தெரியவில்லைன்னு வராது மேடம்," என்றார் கார்முகிலன்.

"இன்னிலருந்து வரட்டும்."

கம்பெனி இதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. டாக்டர் ஜெனோவாவிடம் கேட்டார். அவள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எம் புள்ளைய யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது. யார் புள்ளையையும் தூக்கிட்டுப் போகக் கூடாது. போன புள்ளைங்க திரும்பி வரணும். அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் எடுத்துக்கட்டும். இது யாருக்கும் சொந்தமில்லைன்னு எழுதுங்க லோகாக்கா. எனக்கும் இல்ல."

அவள் சொன்னபடியே எழுதினேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. பிறகு அவள் பையிலிருந்து, எலி கடிக்காத, மூலை மடங்காத ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதையும் உள்ள போட்டுருங்க. எனக்கு வேணாம்."

டெல்பினா தன் அட்டையைத் தேடி எடுத்தாள். முதல் தரம், ஓரத்தில் தங்க நிறக் கோடு. கல்யாணத்துக்கு முன் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்ததாம். அதை ஜெனோவாவின் அட்டைக்கு மேல் வைத்தாள். அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிலர் குடிசைக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார்கள், அடுத்த அணிப் பெண்களும் வந்து வைத்தார்கள்; பதினாலு தாய்மாருக்கும் பதினாலு அட்டை. முதல், இரண்டு, மூன்று எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. அந்தச் சொல்லைச் சொன்னவளும் வைத்தாள்.

"எனக்கு அட்டையே இல்லையே," என்றார் ரெஜினாள். "நான் என்னத்தடி போடுறது?"

"உங்க புகாரத் திரும்ப வாங்குங்க, அது போதும்," என்றாள் ஜெனோவா.

அவர் கைநாட்டு வைக்க மறுத்துப் பெயரையே எழுதினார். நாலு எழுத்து எழுதுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது.

என் தவறைத் தனிப்பத்தியாக எழுதினேன். டாக்டர் அதை அடிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே அவர் கையால் ஒரு வரி சேர்த்தார்: "இந்தப் பதிவேட்டாளர் தண்டிக்கப்பட்டால் இந்தக் கண்டுபிடிப்புக்குச் சாட்சி இல்லை." கையெழுத்துப் போட்டார்.

நாலு பத்துக்குத் தபால் வண்டி வரும். ஆள் இல்லாத வண்டி. ஆலை வாசலில் மூன்று நிமிடம் நிற்கும், பிறகு யாருக்காகவும் நிற்காது. எங்கள் பள்ளியில் கற்றுக்கொடுத்த முறைப்படி உறைமேல் முகவரியை எழுதினேன். கடிதத்தின் கடைசியில் "இணைப்பு: அட்டைகள் 14" என்று எழுதி, உறையில் போடுவதற்கு முன் அட்டைகளை எண்ணினேன்.

பதினைந்து இருந்தன.

மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். என் அட்டை அதில் இல்லை. சொட்டு வந்தபோதே நான் பதினெட்டைத் தாண்டியிருந்தேன், கல்யாணமும் செய்துகொள்ளாதவள், அட்டை வாங்கியதேயில்லை. அடியில் இருந்த ஒன்று மற்றவற்றைவிடப் பழையது, அட்டைகள் வழங்கத் தொடங்கிய முதல் வருடத்தது. பெயர் படித்தேன். மூன்றாம் தரம்.

டாக்டர் இளவேனில் சன்னல் பக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையனுக்கு இப்பப் பதினோரு வயசு," என்றார், திரும்பாமல். "நல்லாத்தான் இருக்கான். டின் பாலுதான்."

14 என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 15 என்று எழுதி, அடித்தல் திருத்தலுக்கு ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம் வாங்கினேன். உறையின் வாயை ஒட்டி, அரக்கை உருக்கி நடுவில் ஊற்றி, ஆலை முத்திரையை அது ஆறும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டியின் மணி அடித்தது. ஜெனோவா குழந்தையை டெல்பினாவிடம் கொடுத்துவிட்டு, "நான் போடுறேன்" என்று உறையை வாங்கிக்கொண்டு ஓடினாள். பெண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். வண்டி உறையை எடை பார்த்தது, ரசீதை நீட்டியது, கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு தொண்டிச் சாலையில் திரும்பித் தெற்கே போயிற்று.